பிடிதண்ணி

எங்கள் ஊர்க் கழிவுக் குளத்துத் தண்ணீர் ஆளைப் பிடிக்க ஆரம்பித்தது ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த மத்தியானம். முதலில் பிடிபட்டவன் இருசப்பன். பெரிய தோல்ஷாப்பில் தோல் பதனிடுகிற குரோம் டிரம்முக்குப் பக்கத்தில் பதினேழு வருஷமாக நிற்கிறவன், முழங்கை வரைக்கும் நீலம் ஏறி, பட்டுவேட்டி கட்டிக்கொண்டு எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் கையைப் பார்த்தே வடகரைப்பட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம், அப்படிப்பட்டவன் கால் கழுவ இறங்கினான், கழுவினான், ஏறப் பார்த்தான், தண்ணீர் விடவில்லை. சேறு இல்லை, கொடி இல்லை. கெண்டைக்காலைச் சுற்றி ஒரு பிடி, சந்தையில் வேண்டியவன் ஒருத்தன் கையைப் பற்றிக்கொண்டு இரு போகலாம் என்பானே, அந்த மாதிரி ஒரு பிடி. நாலு பேர் இழுத்தார்கள். அதில் டிரம் வேலைக்காரர்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நாலாவது ஆள் பெட்டிக்கடைக்காரன், வாழ்நாளில் தோல்ஷாப்பு வாசல்படி மிதிக்காதவன். இடுப்பளவு இறங்கி நின்று கத்தினான், அவனைத் தண்ணீர் ஏனென்றும் கேட்கவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் ஊரின் முதல் தீர்மானம். தை மாதமே டாக்டர் வானதி சொல்லிவிட்டுத்தானே போனாள்? டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்து டாக்டர். இருபது கேனில் கலங்கலாகத் தண்ணீர் கொண்டுவந்து, அத்தனையும் பாக்டீரியா, குளத்தில் ஊற்றினால் குரோமை எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்றாள். "சாதாரண பாக்டீரியா இல்ல. இதோட வெளித்தோல் மேல நாங்க வடிவமைச்ச ஒரு புரதத்தை நிறுத்தியிருக்கோம். உள்ள உண்டாகிற புரதத்தை வெளிய கொண்டாந்து தோல் மேல நட்டு நிக்கவைக்கிறதுதான் பெரிய வேலை. அது ஒரு கை மாதிரி. மத்த எதையும் தொடாது, குரோமை மட்டும் பிடிக்கும். பிடிச்சா முழுசா எடுக்காம விடாது." முப்பது வருஷமாகத் தோலைத் தடவியே பிழைத்த எனக்கு வந்து தோலைப் பற்றிச் சொல்கிறாளே என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பு. விற்க வந்தவள் சரக்கை உயர்த்திச் சொல்கிறாள், அவ்வளவுதான் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. குரோம் குளத்தில் இருக்கிற அளவுக்கு ஆட்கள் உடம்பிலும் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் தரகன். உப்புப் போட்ட தோலோ போடாத தோலோ, விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் ஒரு துண்டுக்கு அடியில் சேர்த்துவைத்துச் சாப்பிடுகிறவன். வாயால் விலை சொல்வது எங்கள் தொழிலில் அசிங்கம். துண்டுக்கடியில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. துண்டு கையின் மேல் கிடக்கும் வரைக்கும் பக்கத்தில் நிற்கிறவன்கூட வாயைத் திறக்கக் கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டாகிவிட்டது என்றால் பேச்சு முடிந்தது, அப்பன் செத்தாலும் மறுபேச்சுக் கிடையாது. இதற்கு மேல் எனக்கென்று ஒரு பாடம் உண்டு, பதினோரு வயதில் கறிக்கடை வாசலில் அடிவாங்கிப் படித்த பாடம்: முதலில் சொல்கிற விலை எவன் சொன்னாலும் பொய். சாமியே சொன்னாலும் பாதிக்குக் கேட்க வேண்டும்.

அன்றைக்குக் குளக்கரைக்கு நான் போனபோது இருசப்பன் பெண்டாட்டி, "இன்னாய்யா, வூட்டுக்கு வருவியா மாட்டியா? சோத்த இங்கியே எடுத்தாந்துடட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் முதலில் வரும், காரணம் பின்னால் வரும். உழைக்கிறவன் காலைப் பிடிப்பதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று தண்ணீரைத் திட்டிக்கொண்டே கையைவிட்டுப் பிடியைப் பிரிக்கப் போனேன். தோளில் கிடந்த துண்டு சரிந்து கைமேல் விழுந்து தண்ணீரில் பரந்தது. அவ்வளவுதான். துண்டுக்கடியில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. வழவழப்பு இல்லை, சில்லிப்பு இல்லை, தொழில் தெரிந்த கை. மொத்தமாக ஒரு பிடி, மறுபடியும் மொத்தமாக ஒரு பிடி, கடைசியில் ஆள்காட்டி விரல் மட்டும். பதினொன்று.

எதில் பதினொன்று என்று எனக்கென்ன தெரியும்? பழக்கதோஷம், நான் ஒன்று என்றேன். அது பத்து என்றது. நான் கையை உதறிக்கொண்டு எழுந்துபோகிற மாதிரி நடித்தேன், திரும்ப உட்கார்ந்தேன், ஒன்றரை என்றேன். வெற்றிலை மெல்லுகிற நேரம் இழுபறி. இரண்டில் முடித்துத் துண்டை உதறினேன். சரியாக இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, வியாழக்கிழமை மத்தியானம், தண்ணீர் இருசப்பனை விட்டது. கையோடு பிடிபட்ட மூன்று பேருக்கும் நான் பேசிய கணக்குப்படியே நாள் பிசகாமல் விட்டது. அப்போதுதான் தெரிந்தது, அது கேட்பது நாள்.

அதற்குப் பிறகு வடகரைப்பட்டு அந்தத் தண்ணீரோடு எப்படிக் குடித்தனம் நடத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். பிடிதண்ணி என்று பேர் வைத்தார்கள். பிடிபட்டவர்கள் உட்கார முக்காலி, வெயிலுக்குத் தென்னங்கீற்று, படுக்கக் கரையோரம் கட்டில், ஒரு கால் தண்ணீருக்குள் தொங்க. கரையில் டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பின்னால் போண்டாக்கடை வந்தது, ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதுகிறவர் பிடிபட்டவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது சுலபம் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி பிடிபட்டபோது வளைகாப்பைத் தண்ணீரிலேயே செய்தார்கள், ஐந்துவகைச் சோறு தட்டில் மிதந்து வந்தது. பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "மாப்பிள்ளய குளத்துல நிக்கவெச்சிக் காட்டுங்க" என்றார்கள். பிடித்தால் சம்பந்தம் இல்லை. வெளியூர்ப் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்ததும் பெரிய தோல்ஷாப்பு முதலாளி மாலை போட்டுக்கொண்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டி எல்லாரும் பார்க்கக் குளத்தில் இறங்கினார். தண்ணீர் அவரைத் தொடவில்லை. பார்த்தீங்களா, என் தொழிற்சாலை சுத்தம் என்றார். ஊர் கை தட்டியது. டிரம்மை அவர் கண்ணால் பார்த்தே ஏழு வருஷம் ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என்னைத்தான் எல்லாரும் தேடினார்கள். இரண்டு வாரம் பிடிபட்டால் இரண்டு வாரச் சோறு போச்சு. டிரம் ஓடாவிட்டால் முதலாளிக்கும் தலைவலி. "துரைக்கண்ணு, ஆளுங்கள சீக்கிரமா எடுத்துக் குடு, உன்ன நான் கவனிச்சிக்கிறேன்" என்று முதலாளி ஆள் அனுப்பினார். பதினாலை மூன்றாகக் குறைத்தேன். ஒன்பதை ஒன்றரையாக. துண்டை உதறும்போதெல்லாம் கரையில் விசில். மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒருத்தரிடமும் தரகு வாங்கவில்லை. கோழி கொடுத்தார்கள், பூசணிக்காய் கொடுத்தார்கள், ஒரு பெண் பிறந்த குழந்தைக்கு என் பேரை வைத்தாள். ஒருத்தி மட்டும் என் துண்டைப் பார்த்ததும் சீறினாள்.

அவள் எஸ்தர். தோலின் உட்பக்கத்து ஜவ்வைச் சுரண்டுகிறவள், புருஷன் விட்டுப்போய் வருஷம் பன்னிரண்டு. முக்காலியில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையக் குடு, பேசி முடிக்கிறேன்" என்றேன்.

"என் கால அது பிடிச்சிகினு கீது. உன் கைய எவன் கூப்ட்டான்?"

"இங்கியே கெடந்து ஊறப்போறியா?"

"ஊறுனா உனக்கின்னா? இத்தினி வருசத்துல இந்த ஊர்ல என்னப் போகாதன்னு பிடிச்சது இது ஒண்ணுதான். போய்யா, அந்தாண்ட போய் ஆட்டுத்தோல் பேசு."

கரையில் எல்லாரும் சிரித்தார்கள். கிடந்து சாவு என்று நானும் வந்துவிட்டேன்.

தேசம்மா என் பெண்டாட்டி. எஸ்தரும் அவளும் ஒரு காலத்தில் ஒரே டிரம்மில் நின்றவர்கள். நான் நாலு ஊர்த் தோலுக்குத் தரகனாகித் தலையெடுத்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டேன், பதினாலு வருஷம் ஆகிறது, அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நின்ற இருபத்திரண்டு வருஷத்துச் சோற்றில்தான் நான் தரகு பழகினேன் என்பதையும், அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்பதையும் தனித்தனியாக வைத்திருந்தேன். எஸ்தருக்குக் கேழ்வரகுக் களி கொண்டுபோனவள், தூக்குப்பாத்திரத்தைக் கைக்குக் கொடுக்க இரண்டடி தண்ணீரில் இறங்கியிருக்கிறாள், அது பிடித்துக்கொண்டது.

ஓடினேன். துண்டைப் போட்டேன். தண்ணீர் என் கையைப் பிடித்தது. மொத்தமாக ஒரு பிடி. இன்னொன்று. இன்னொன்று. நிறுத்தவே மாட்டேன் என்கிறது. ஆறு தரம் பிடித்துவிட்டு, அதற்குமேல் மூன்று விரல். முப்பத்து மூன்று. ஊரில் யாருக்கும் அது இப்படிக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரி நனைந்த சேலையோடு ஊர் பார்க்க முப்பத்து மூன்று நாள் நிற்பதா? ரத்தம் தலைக்கேறியது. அன்றைக்குப் பேசியதுபோல நான் எந்தச் சந்தையிலும் பேசியதில்லை. அடித்தேன், கெஞ்சினேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், உள்ளங்கையைச் சுரண்டிச் சுரண்டியே அதைக் குழப்பினேன். நடுவில் தேசம்மா, "யோவ், இத்தப் பாரு…" என்று ஆரம்பித்தாள்.

"பொறு மே! பேசிகினு கீறேன் இல்ல?"

துண்டு கிடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். மூடிக்கொண்டாள். ஒன்றில் முடித்தேன். ஒரே நாள். துண்டை உதறியபோது எழுந்த சத்தத்தில் குளக்கரைக் கொக்கெல்லாம் பறந்துபோயிற்று, டீக்கடைக்காரன் எல்லாருக்கும் சும்மா டீ கொடுத்தான், அந்த ஒரு நாளும் நான் மீசையை முறுக்கிக்கொண்டே திரிந்தேன்.

எட்டு நாள் கழித்து, பிடிபட்ட பத்தொன்பதாவது நாள், எஸ்தரைத் தண்ணீர் விட்டது. கரையேறி நாலடி நடந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்ய, இன்னாடி இது நாத்தம்! இதுலியா நாம இருந்துகினு கீறோம்!" என்று குமட்டினாள். அவளுக்கு மூக்கு செத்து ஒன்பது வருஷம். மூக்குத்தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. விரல் முட்டிகளில் குரோம் தின்ற குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மிளகு நிற்கும், அத்தனையும் மூடிப் புதுத்தோல் வந்திருந்தது. நான் சித்தூர்ப் பக்கம் தோல் வாங்கப் போயிருந்த பதினைந்து நாளில் பேசுவதற்கு ஆளில்லாமல் முழு நாளும் நின்ற இரண்டு பேரைத் தேடிப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பும் வெளுத்த துணிபோல இருந்தது. டாக்டர் வானதி வந்து எல்லார் ரத்தத்தையும் எடுத்துப் போனாள். அந்த மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. நான் பேசிய நாற்பத்தொரு பேருக்குக் குரோம் அப்படியே இருந்தது. தேசம்மாவின் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் தரையைப் பார்த்தாள்.

நாற்பது பேர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். இருசப்பன்தான் பேசினான். "எங்களுக்கும் ஜாஸ்தின்னுதான் தோணிச்சி, துரைக்கண்ணண்ணா. நாங்களும்தான விசில் அடிச்சோம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லாரும் டிரம்முக்குப் போனார்கள்.

நாற்பத்தொன்றாவது ஆள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது பிடிச்சிகினு இருந்தப்ப எனக்கு மூச்சு இரைக்கல" என்றாள் தேசம்மா. "பிடிச்ச எடத்துலருந்து ஏதோ எறங்கிப் போற மாதிரி இருந்துச்சி. கால்ல முள்ளு எடுக்கும்போது ஒரு சுகம் வருமே, அப்பிடி. அதத்தான் சொல்ல வந்தேன். நீ பொறுன்ன."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டியா? காலு என்னுது. பிடிச்சது அது. நடுவுல நீ யாரு? உனக்கு ஜெயிக்கணும். தண்ணிகிட்டகூட ஜெயிக்கணும்."

அவளை அழைத்துப்போய்க் குளத்தில் நிறுத்தினேன். அவள் காலைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போனது. துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். முப்பத்து மூன்று என்றேன். நாற்பது என்றேன். விலையை ஏற்றிக் கேட்பது எப்படி என்றே எனக்குத் தெரியாது, நூறு என்றேன். துண்டுக்கடியில் வெறும் தண்ணீர். பேச்சு முடிந்தது முடிந்ததுதான். எனக்குத் தெரிந்த தொழில்தர்மம் அதற்கும் தெரிந்திருந்தது. டாக்டரைப் பிடித்து உலுக்கினேன். "அய்யா, பிடிக்கிற கையைத்தான் நாங்க தச்சோம். பேரம் பேசுற கையை நாங்க தைக்கல" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மாட்டுச்சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக விலை முடிந்த மாட்டைத் திருப்பிப் பேச முடியாது; ஆனால் அதே மாடு ஒரு ஜோடியில் நின்றால் ஜோடிக்குப் புதுவிலை. ஒரே நுகத்தில் பழகிய ஜோடியாக மட்டும் இருக்க வேண்டும். தேசம்மாவோடு ஒரே நுகத்தில் பழகியது நான் ஒருத்தன்தான். என்னைத் தண்ணீர் பிடித்தால் துண்டுக்கடியில் கை வரும், ஜோடியாகப் பேசலாம். என்னைப் பிடிப்பதற்கு என் உடம்பில் என்ன இருக்கிறது? வெறும் வெற்றிலைச் சாறு.

ஐம்பத்தாறு வயதில் பெரிய தோல்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "தரகரே, இன்னா வேசம் இது?" என்றான். கையுறை கொடுத்தான், வேண்டாம் என்றேன். இரண்டரை மாசம். குரோம் பொடியைக் கரைக்கிற தொட்டிமேல் குனிந்து ஆழமாக மூச்சிழுத்தேன். வீட்டில் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். கார்த்திகையில் ஒருநாள் குளிக்கும்போது முதுகு தேய்க்க வந்தவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் நீலம். சொம்பாலேயே தலையில் ஒரு போடு போட்டாள்.

"எத்தினி நாளா?"

சொன்னேன். ஜோடி விஷயத்தையும் சொன்னேன்.

"மறுபடியும் என்னக் கேக்கல."

"கேட்டா வுடமாட்ட."

"வுடமாட்டேன்தான்! ரெண்டு பேரும் இருமிகினு கெடந்தா எவன்யா கஞ்சி வெச்சி ஊத்துவான்? லூசாய்யா நீ?" மூச்சு வாங்கியது அவளுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரைப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

மார்கழிப் பிறப்பன்று காலையில் குளத்தில் கால் வைத்தேன், தினமும் வைப்பதுபோல. வலது காலின் சுண்டுவிரலை மட்டும், பூவைக் கிள்ளுகிற அளவுக்கு, தண்ணீர் பிடித்தது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. ஆள் அனுப்பினேன். தேசம்மா வருவதற்குள் ஊர் கூடிவிட்டது. இருசப்பன் வந்தான், மற்ற முப்பத்தொன்பது பேரும் வந்தார்கள். ஜோடி செல்லுமானால் அவர்களுக்கும் ஒரு வழி உண்டு, அண்ணனோடோ பெண்டாட்டியோடோ. எஸ்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அன்றைக்கு யாரும் விசில் அடிக்கவில்லை.

தேசம்மா சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு இறங்கி என் பக்கத்தில் நின்றாள். இடது கையால் என் கையைப் பிடித்தாள். நான் தோளிலிருந்து துண்டை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நவுரு. இந்தத் தடவ நான் பேசறேன்."

"உனக்கு விரல் கணக்கே தெரியாதே மே."

"அதான் நல்லது. வாய மூடிகினு நில்லு."

துண்டைத் தண்ணீர்மேல் போட்டு அடியில் வலது கையை விட்டாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் துண்டின் நடுவில் ஒரு அசைவு. அவள் புருவம் ஏறியது. எத்தனை விரல் என்று துண்டுக்கு மேலிருந்து கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு, அன்றைக்கு அது உதவவில்லை. அவளுடைய தோள் அசைகிறது, அது கேட்கிறதா, இவள் கொடுக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. தப்பாகப் பிடித்துவிடுவாளோ, ஐந்து என்று நினைத்து ஒன்றைப் பிடித்துவிடுவாளோ என்று கத்த வேண்டும்போல இருந்தது. துண்டு தண்ணீர்மேல் கிடந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றேன்.